கடுகை எப்போது தாளிப்பது? ஆங்கிலக் கட்டுரையில் பிழை உருவாகும் விதம்

என் முன்னால் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஆங்கில நோட்டு திறந்திருக்கிறது. தமிழ் வழியில் படிக்கும் பெண். கோடை விடுமுறையில் மாமா ஊருக்குப் போய்வந்ததைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறாள். அதை ஒலி மாறாமல் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

"தேர் டென் மேங்கோ ட்ரீ. மை அங்கிள் ஃபார்மர். ஹி கோ டு ஃபீல்டு எவ்ரி மார்னிங். ஒன் டே ஐ டோன்ட் நோ வொய் இஸ் ஹி ஆங்ரி. ஸோ வி டிட் நாட் வென்ட் டு ரிவர். ஆஃப்டர் டின்னர் வி டிஸ்கஸ்டு அபௌட் தட். ஹி கேவ் மி மெனி அட்வைசஸ். ஐ லைக் ஸ்டோரி ரைட்டிங்."

எட்டு வாக்கியங்கள், எட்டிலும் பிழை. கடைசி வாக்கியம் காதுக்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 'ரைட்டிங்' என்பதில் இரண்டு 'டீ' போட்டிருக்கிறாள். சிவப்புப் பேனாவை எடுத்தால் பக்கம் முழுக்கச் சிவந்துவிடும்.

பேனாவை எடுப்பதற்கு முன் இதையே தமிழில் சொல்லிப் பாருங்கள். அங்கே பத்து மாமரம். என் மாமா விவசாயி. தினமும் காலையில் வயலுக்குப் போவார். ஒருநாள் ஏன் கோபமாக இருக்கிறார் என்று தெரியவில்லை. அதனால் ஆற்றுக்குப் போகவில்லை. சாப்பிட்ட பிறகு அதைப் பற்றிப் பேசினோம். நிறைய அறிவுரைகள் சொன்னார். இதில் எங்கே பிழை? அவள் தமிழ்ச் சமையலறையில் சரியாகச் சமைத்ததை அப்படியே கொண்டுபோய் ஆங்கிலப் பாத்திரத்தில் ஊற்றியிருக்கிறாள்.

1967இல் எஸ். பிட் கார்டர் என்ற மொழியியலாளர் கற்பவரின் பிழைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிழை என்பது கழுவித் துடைக்க வேண்டிய அழுக்கு அல்ல, கற்பவரின் மனத்துக்குள் அந்த நேரத்தில் எந்த விதி ஓடுகிறது என்று காட்டும் தடயம் என்பது அவருடைய வாதம். கைநழுவலையும் பிழையையும் அவர் பிரித்துப் பார்த்தார். அவசரத்தில் ரசத்துக்கு உப்புப் போட மறந்தவர், ஒரு வாய் குடித்ததுமே கண்டுபிடித்துவிடுவார். அது கைநழுவல். 'எங்கள் வீட்டில் இவ்வளவுதான் உப்பு' என்று பழகியவர் எத்தனை முறை குடித்துப் பார்த்தாலும் அவருக்கு அது குறையாகவே தெரியாது. அதுதான் பிழை. நோட்டில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுப்பது முதல் வகைக்குப் போதும். இரண்டாவது வகைக்கு, இந்தக் கை எந்த வீட்டில் பழகியது என்று தெரிய வேண்டும். அதனால் இந்த எட்டு வாக்கியங்களையும் அடுப்பிலிருந்து தட்டு வரைக்கும் பின்தொடர்ந்து பார்ப்போம்.

சாம்பாருக்குக் கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் கடைசியில் தாளித்துக் கொட்டுகிறோம். பீன்ஸ் பொரியலுக்கு அதே கடுகு முதலில் எண்ணெயில் வெடிக்க வேண்டும், அப்புறம்தான் காய் விழும். பொருள் ஒன்றுதான், போடும் நேரம் வேறு. வேற்றுமை உருபு விஷயத்தில் தமிழ் சாம்பார் வழி. ஆறு முதலில், 'கு' பிறகு: ஆற்றுக்கு. மேசை முதலில், 'மேல்' பிறகு. ஆங்கிலம் பொரியல் வழி. 'டு' முதலில் வெடித்தால்தான் 'ரிவர்' விழும்.

இந்த இடமாற்றத்தைப் பிள்ளைகள் சீக்கிரமே பிடித்துக்கொள்கிறார்கள். 'ரிவர் டு' என்று எழுதும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை நான் பார்த்ததில்லை. தடுக்குவது அடுத்த படியில். எந்தக் காய்க்கு எந்தத் தாளிப்பு என்பது வீட்டுக்கு வீடு மாறும் அல்லவா, அங்கேதான். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதிலுள்ள 'பற்றி' பின்தொடர்ந்து போய் 'டிஸ்கஸ்டு அபௌட்' ஆகிறது. 'அறைக்குள் நுழைந்தேன்' என்பது 'என்டர்டு இன்டு தி ரூம்' ஆகிறது. 'ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன்' என்பது 'ரீச்டு டு மை வில்லேஜ்' ஆகிறது. 'அவளோடு திருமணம்' என்பது 'மேரீடு வித் ஹெர்' ஆகிறது. ஆங்கிலத்தில் இந்த நான்கு வினைகளுக்கும் தனித் தாளிப்பு தேவையில்லை. இட்லிப்பொடியில் பெருங்காயத்தைச் சேர்த்தே அரைத்திருப்பதுபோல 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' அரைபட்டிருக்கிறது. மேலே இன்னொரு சிட்டிகை போட்டால் நெடி தூக்கலாகிவிடும்.

தலைகீழாகவும் நடக்கிறது. 'பாட்டு கேட்டேன்' என்பதில் நமக்கு உருபே வேண்டாம், அதனால் 'லிசன்டு மியூசிக்' என்று எழுதுகிறார்கள். அங்கே 'டு' வேண்டும்.   ஒன்று கூடுதல், இன்னொன்று குறைவு என்று இரண்டையும் தனித்தனிப் பிழைகளாக எண்ணாதீர்கள். ஒரே கைப்பழக்கத்தின் இரண்டு பக்கங்கள் அவை. போதாததற்கு, 'டிஸ்கஸ்' என்ற வினைக்கு வேண்டாத 'அபௌட்', 'டிஸ்கஷன்' என்று பெயர்ச்சொல்லானதும் உரிமையோடு வந்து சேர்ந்துகொள்கிறது. இதற்கெல்லாம் பொது விதி ஒன்றைத் தேடிக் கொடுத்துப் பிள்ளைகளை மேலும் குழப்புவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். வினையை எழுதும்போதே அதன் தாளிப்பையும் சேர்த்து ஒரே சொல்லாக நோட்டில் எழுதச் சொல்கிறேன். 'லிசன்டு' தனியாக வராது, 'லிசன்டு டு' என்றுதான் வரும். 'டிஸ்கஸ்' பக்கத்தில் வெறும் இடம்.

அடுத்தது 'மை அங்கிள் ஃபார்மர்'. தமிழில் 'என் மாமா விவசாயி' என்பது முழு வாக்கியம். எழுவாயும் பயனிலையும் இருக்கின்றன, அந்தப் பயனிலை பெயர்ச்சொல்லாக இருக்கிறது, அவ்வளவுதான். இதைத் தமிழ் வகுப்பில் பெயர்ப்பயனிலை என்று படித்திருக்கிறோம். ரஷ்ய மொழியும் நிகழ்காலத்தில் இப்படித்தான். உருளைக்கிழங்கு மசியல் தானே சேர்ந்து நிற்கும். அதையே போண்டாவாகப் போட வேண்டுமென்றால் கடலைமாவுக் கரைசல் வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் பிரிந்துவிடும். ஆங்கிலத்தின் 'இஸ்', 'ஆர்', 'ஆம்' அந்தக் கரைசல். சுவைக்காக அல்ல, பிடிமானத்துக்காக. 'தேர் டென் மேங்கோ ட்ரீ' என்பதிலும் காணாமல் போனது அதுதான்.

இதைத் திருத்தும்போது ஒரு ஆபத்து உண்டு. 'ஆம் எங்கே, ஆம் எங்கே' என்று நான்கு முறை கேட்டுவிட்டால் ஐந்தாவது முறை 'ஐ ஆம் கோ டு ஸ்கூல்', 'ஐ ஆம் அக்ரீ' என்று வரும். உப்பில்லை என்று சொன்ன மறுநாள் எல்லாப் பதார்த்தத்திலும் உப்பு தூக்கலாக இருப்பதுபோல. 'கோ', 'அக்ரீ' இரண்டும் வினைகள், தாமே நிற்பவை, கரைசல் தேவையில்லை. இந்தப் பிழை தமிழிலிருந்து வந்ததல்ல, நாம் திருத்திய விதத்திலிருந்து வந்தது. ஆசிரியர்களும் பெற்றோரும் இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பிள்ளைமேல் வரும் கோபம் பாதியாகக் குறையும்.

'ஹி கோ' என்பதற்கு நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களைப் பார்க்க வேண்டும். சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும். பாத்திரத்தைத் திருப்பிப் பார்த்தால் யாருடையது என்று தெரிந்துவிடும். தமிழ் வினை ஒவ்வொன்றும் பெயர் வெட்டிய பாத்திரம். போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது. யார் என்று தனியாகச் சொல்லவே தேவையில்லை. அதனால்தான் 'நேற்று கடைக்குப் போனேன்' என்று 'நான்' இல்லாமல் பேசுகிறோம், பிள்ளைகளும் 'வென்ட் டு ஷாப்' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் பெயர் வெட்டிய பாத்திரங்கள் இருந்தன. 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில் இன்னும் 'ஹி கோஎத்' என்றும் 'தௌ கோயெஸ்ட்' என்றும் பார்க்கலாம். நூற்றாண்டுக் கணக்கில் தேய்த்துத் தேய்த்துப் பெயர்கள் அழிந்துவிட்டன. 'இஸ்', 'ஆர்', 'ஆம்' நீங்கலாக, நிகழ்காலத்தில் ஒரே ஒரு பாத்திரத்தில் மட்டும் ஒரு கீறல் மிஞ்சியிருக்கிறது. அதுதான் 'ஹி', 'ஷி', 'இட்' மூன்றுக்கும் வரும் அந்த 'எஸ்'. மற்ற எல்லாப் பாத்திரமும் மொட்டையாக இருக்கும்போது ஒன்றில் மட்டும் கீறல் இருப்பதை நினைவில் வைப்பது யாருக்கும் சிரமம்தான்.

அந்தக் கீறலின் உருவம் வேறு குழப்புகிறது. பெயர்ச்சொல்லில் பன்மைக்கும் 'எஸ்', வினையில் ஒருமைக்கும் 'எஸ்'. 'பாய்ஸ்' பன்மை என்றால் 'கோஸ்' என்பதும் பன்மையாகத்தானே இருக்கும் என்று பிள்ளை யோசிக்கிறது. நியாயமான யோசனை. அதன் விளைவு 'பாய்ஸ் கோஸ்'. எழுவாய் பெயர்ச்சொல்லாக இருக்கும்போது, வீட்டில் ஒரே ஒரு குழிக்கரண்டி என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். எழுவாய் எடுத்துக்கொண்டால் வினைக்குக் கிடைக்காது: 'பாய்ஸ் கோ'. எழுவாய் எடுக்கவில்லையென்றால் வினை எடுத்துக்கொள்ளும்: 'பாய் கோஸ்'. 'சில்ட்ரன்', 'பஸ்' போன்ற சொற்களில் இந்தக் கணக்கு தவறும். தொண்ணூறு இடத்தில் கைகொடுக்கும் வழியைப் பத்து இடத்துக்காக விட வேண்டியதில்லை.

'டிட் நாட் வென்ட்' எனக்கு மிகவும் பிடித்த பிழை. விடையே தமிழில் இருக்கிறது. 'போகவில்லை' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். போக, இல்லை. நேற்று போகவில்லை, இன்று போகவில்லை, இரண்டுக்கும் ஒரே சொல். 'இல்லை' வந்ததும் வினை தன் காலத்தையும் வெட்டிய பெயரையும் கழற்றி வைத்துவிட்டு 'போக' என்று வெறுமனே நிற்கிறது. 'போனோம் இல்லை' என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. ஆங்கிலமும் அதையே செய்கிறது. 'நாட்' வந்ததும் 'வென்ட்' தன் காலத்தைக் கழற்றி வைத்துவிட்டு 'கோ' என்று நிற்கிறது. ஒரே வேறுபாடு, கழற்றிய காலத்தைத் தமிழ் கீழே விட்டுவிடுகிறது, ஆங்கிலம் 'டூ' என்ற துணைவினையின் கையில் கொடுத்து 'டிட்' ஆக்குகிறது.

அப்படியிருக்க ஏன் பிழை? நேற்று நடந்தது என்றால் இறந்தகாலம் வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம். பிள்ளை 'டிட்' என்பதை உப்பாகப் பார்க்கவில்லை, 'நாட்' வருவதற்கான வெறும் பாத்திரமாகப் பார்க்கிறது. அதனால் உப்பைத் தனியாகப் போடுகிறது. 'டிட்' என்பதே உப்பு, ஒரு குழம்புக்கு ஒரு முறைதான் உப்பு என்று சொன்னால் போதும். 'டிட் யூ கேம்', 'வான்டட் டு வென்ட்' இரண்டும் கூடவே சரியாகிவிடும். 'போனோம் இல்லை என்று சொல்வாயா?' என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள், பிறகு அவர்களே 'வென்ட்'டை அடிப்பார்கள். தமிழ் வகுப்பில் படித்த இலக்கணம் ஆங்கில வகுப்பில் இவ்வளவு உதவும்போது, அதைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

'ஐ டோன்ட் நோ வொய் இஸ் ஹி ஆங்ரி.' இங்கே குற்றவாளி நம் அழகான 'என்று'. தமிழில் 'என்று' ஒரு டிபன் கேரியர் மூடி. எதை வேண்டுமானாலும் உள்ளே வைக்கலாம், வைத்தபடியே மூடலாம். 'ஏன் கோபமாக இருக்கிறார்?' என்ற கேள்வியை ஒரு சொல்கூட நகர்த்தாமல் உள்ளே வைத்து, 'என்று தெரியவில்லை' என்று மூடிவிடலாம். ஆங்கிலத்தில் கேள்வி என்பது இலையில் பரிமாறிய சாப்பாடு. 'வொய் இஸ் ஹி' என்று 'இஸ்' முன்னால் வருவது அந்தப் பரிமாறும் வரிசை. டப்பாவில் அடைக்கும்போது அந்த வரிசை செல்லாது, பழைய வரிசைக்குத் திருப்பி 'வொய் ஹி இஸ் ஆங்ரி' என்று அடுக்க வேண்டும். கேள்வி வாக்கியத்தின் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டால் அது கேள்வியாகக் கேட்கப்படவில்லை. வாக்கியத்தின் கடைசியில் கேள்விக்குறி போடத் தேவையில்லை என்றால் 'இஸ்' முன்னால் வரவும் தேவையில்லை. இந்த ஒரு சோதனை போதும்.

சிலர் அந்த மூடியையும் மொழிபெயர்த்துவிடுகிறார்கள். 'எங்கே போகிறாய் என்று கேட்டார்' என்பது 'ஹி ஆஸ்க்டு மி தட் வேர் ஆர் யூ கோயிங்' ஆகிறது. 'என்று' எங்கும் பொருந்தும் மூடி. 'தட்' அப்படியில்லை, கேள்விப் பாத்திரத்துக்கு அது சேராது.

'அட்வைசஸ்' என்பதற்கு அலமாரிப் பக்கம் போக வேண்டும். சமையலறையில் எண்ணக்கூடியவை உண்டு, அளக்கக்கூடியவை உண்டு. நாலு வெங்காயம் என்போம், நாலு உப்பு என்று சொல்வதில்லை. ஒரு கரண்டி உப்பு, இரண்டு ஆழாக்கு அரிசி. பல மொழிகள் உலகத்தை இப்படி இரண்டாகப் பிரித்து அடுக்குகின்றன, ஆனால் எல்லைக்கோடு ஒரே இடத்தில் விழுவதில்லை. அறிவுரை, தகவல் இரண்டையும் தமிழ் வெங்காயக் கூடையில் போட்டிருக்கிறது: அறிவுரைகள், தகவல்கள். பிரெஞ்சுக்காரர்களும் இவை இரண்டையும் எண்ணுகிறார்கள். ஆங்கிலம் இவற்றை மாவு டப்பாவில் போட்டுவிட்டது. மேசை, நாற்காலி எல்லாம் சேர்ந்த 'ஃபர்னிச்சர்', கையில் தூக்கும் 'லக்கேஜ்', வீட்டுப்பாடமாகிய 'ஹோம்வொர்க்' எல்லாம் அதே டப்பாவில். எண்ண வேண்டுமென்றால் கரண்டி வேண்டும், 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்பதுபோல. இதில் தர்க்கம் தேடி யாரும் மாணவரை அலைக்கழிக்க வேண்டாம். அந்த வீட்டில் அப்படி அடுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அடிக்கடி வரும் பத்துச் சொற்களைப் பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டால் பள்ளிப்படிப்புக்குப் போதும்.

'டென் மேங்கோ ட்ரீ' இதன் மறுபக்கம். 'பத்து' என்று சொல்லிவிட்ட பிறகு 'கள்' எதற்கு? அஃறிணையில் 'பத்து மாமரம்' என்பதே இயல்பான தமிழ். ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும் இத்தகைய சொற்களைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று நம் இலக்கணம் பெயரிட்டே வைத்திருக்கிறது. ஆங்கிலம் எண்ணைச் சொன்ன பிறகும் விடாது, 'எஸ்' கேட்கும்.

வேகமாகக் கடந்து போகக்கூடியவை சில. 'இன்றைக்கே' என்பதன் 'ஏ' ஆங்கிலத்தில் 'டுடே இட்செல்ஃப்' ஆகிறது. 'அங்கேதான்' என்பதன் 'தான்' போய் 'தேர் ஒன்லி' ஆகிறது. 'சுடச்சுட இட்லி' என்பது 'ஹாட் ஹாட் இட்லி'. பேச்சில் இவை இந்தியா முழுக்கப் புழங்குகின்றன. இவற்றைக் கேட்டு முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தேர்வுத்தாளில் மட்டும் தவிர்த்துவிடுங்கள். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 'படிக்கிறேன்' என்ற ஒரே தமிழ்ச் சொல் தினமும் படிப்பதையும் இந்த நிமிஷம் படிப்பதையும் குறிக்கும். ஆங்கிலம் அவற்றை இரண்டு அடுப்பாகப் பிரிக்கிறது. இப்போது கொதித்துக்கொண்டிருப்பதற்குத்தான் 'இங்'. தம்பிகள் இருப்பது கொதிக்கும் விஷயமல்ல.

இனி எழுத்துப்பிழை. இதில் தமிழின் பங்கு குறைவு. குழப்பம் ஆங்கிலத்தின் சாமான் அறையிலேயே இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கடுகு இருக்கும், காபித்தூள் டப்பாவில் துவரம்பருப்பு. வீட்டில் பிறந்தவர்களுக்குக் குழப்பமில்லை. புதிதாக வருபவர் லேபிளை நம்பினால் ஏமாறுவார். ஆங்கிலச் சொற்களில் பலவும் அந்தப் பாட்டில்கள்தான். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அதற்குப் பிந்தைய தலைமுறைகளில் அச்சு எழுத்துக்கூட்டலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியது. லேபிள் ஒட்டப்பட்டுக்கொண்டிருந்த அதே நூற்றாண்டுகளில் ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் ஒவ்வொன்றாக இடம் பெயர்ந்தன. இன்று 'நேம்' என்று ஒலிக்கும் சொல் அதற்கு முன் ஏறத்தாழ 'நாமெ' என்று ஒலித்தது, நமக்கு வடமொழி வழியாக வந்த 'நாமம்' என்ற சொல்லுக்கு அது தூரத்து உறவும்கூட. வீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லில் 'கே' ஒருகாலத்தில் வாய்விட்டு ஒலித்தது. உள்ளே இருந்த பண்டம் மாறியது, லேபிள் மாறவில்லை. 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி அந்த லேபிள்களுக்கு மேலும் உறுதி கொடுத்தது.

சில லேபிள்கள் படித்தவர்கள் வேண்டுமென்றே ஒட்டியவை. கடன் என்று பொருள்படும் 'டெட்' பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி' இல்லை. லத்தீன் மூலத்தில் இருக்கிறதே என்று பிற்காலத்தில் சேர்த்தார்கள். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்ற சொல்லில் 'எஸ்' நுழைந்தது வேறொரு சொல்லோடு தவறாக உறவு கொண்டாடியதால். ஒலிக்காத எழுத்தை விட்டுவிட்டு எழுதும் பிள்ளை, சொல்லப்போனால், பழைய ஆங்கிலேயரைப் போலத்தான் எழுதுகிறது. நாம் 1978இல் அரசாணை வழியாக ணை, லை, னா போன்றவற்றின் பழைய வடிவங்களை மாற்றிக்கொண்டோம். அது எழுத்து வடிவம்தான், எழுத்துக்கூட்டல் அல்ல, என்றாலும் முடிவெடுக்க ஓர் இடம் இருந்தது. ஆங்கிலத்துக்கு அப்படி ஓர் இடம் இல்லை. 1828இல் நோவா வெப்ஸ்டர் தன் அகராதியில் 'கலர்' போன்ற சொற்களின் 'யூ'வை நீக்கினார். அமெரிக்கா ஏற்றது, பிரிட்டன் ஏற்கவில்லை. மாணவர் இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கட்டுரை முழுக்க அதிலேயே போக வேண்டும்.

ஆனால் 'ரைட்டிங்' என்பதன் இரட்டை 'டீ' மட்டும் நம் வீட்டிலிருந்து போனது என்றே எனக்குப் படுகிறது. தமிழில் எழுதும்போது ஒற்றை 'ட' போட்டால் 'ரைடிங்', அதாவது சவாரி. வல்லோசை வேண்டுமென்றால் 'ட்ட' போட்டே ஆக வேண்டும். பாடு, பாட்டு என்பதில் கேட்கிறதே, அந்த வேறுபாடு. நமக்கு இரட்டித்தல் அந்த மெய்யின் வேலை. ஆங்கிலத்தில் இரட்டித்தல் பெரும்பாலும் முன்னால் நிற்கும் உயிரின்மேல் வைக்கும் மூடி. இரண்டு 'என்' போட்டால் உயிர் அமுங்கி 'டின்னர்', ஒரே 'என்' என்றால் உயிர் நிமிர்ந்து 'டைனர்'. இரண்டு 'பீ' போட்டால் 'ஹாப்பிங்', ஒற்றைக் காலில் தாவுவது. ஒரு 'பீ' என்றால் 'ஹோப்பிங்', நம்புவது. அதனால்தான் 'ரிட்டன்' இரண்டு 'டீ' கேட்கிறது, 'ரைட்டிங்' ஒன்றோடு நிற்கிறது. முன்னால் இருக்கும் உயிர் 'ஐ' என்று விரிந்து ஒலித்தால் மூடி போடாதே என்று சொல்லிவிட்டால் 'டைனிங்', 'ஷைனிங்' எல்லாம் ஒரே வீச்சில் சரியாகும்.

இன்னொரு பெருங்கூட்டம், முணுமுணுக்கும் உயிர்கள். ஆங்கிலம் அழுத்தமில்லாத அசையில் எல்லா உயிரையும் அரைத்து ஒரே துவையலாக்கிவிடுகிறது. 'கிராமர்' என்ற சொல்லின் கடைசியில் இருப்பது 'ஏ'யா 'ஈ'யா என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் இலக்கணம் என்ற சொல்லிலேயே எழுத்துப்பிழை விடுகிறார்கள். துவையலில் என்ன போட்டார்கள் என்று தெரிய வேண்டுமென்றால், அரைப்பதற்கு முன் பார்க்க வேண்டும். சொல்லின் உறவுக்காரரைக் கூப்பிடுங்கள். 'கிராமட்டிக்கல்' என்று சொன்னால் அழுத்தம் நகர்ந்து ஒளிந்திருந்த 'ஏ' வெளியே வந்துவிடுகிறது. 'டெஃபனிட்' என்பதற்குள் 'ஃபைனைட்' இருக்கிறது, அதனால் நடுவில் 'ஐ'தான். ஒலிக்காத மெய்க்கும் இது உதவும். 'சைன்' என்பதில் 'ஜி' உண்டா என்று சந்தேகம் வந்தால் 'சிக்னல்' என்று சொல்லிப் பாருங்கள். 'பாம்' என்பதன் கடைசி 'பி'யை 'பம்பார்டு' காட்டிக்கொடுக்கும். இருபது சொற்களை ஒவ்வொன்றாக ஐந்து முறை எழுதச் சொல்வதைவிட, இப்படி இருபது உறவுகளைக் காட்டுவது பலமடங்கு நல்லது என்பது என் அனுபவம்.

ஒரே ஒலி, வேறு எழுத்து என்ற சிக்கல் நமக்குப் புதிதல்ல. மரம், மறம் இரண்டையும் பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கும் நாம் எழுத்தில் பிரிக்கிறோம். 'அங்கே' என்ற 'தேர்', 'அவர்களுடைய' என்ற 'தேர்' இரண்டும் அதே வகை. அங்கே என்பதற்கு இங்கே துணை: 'ஹியர்' என்ற சொல் முழுசாக அந்தத் 'தேர்' உள்ளே இருக்கிறது. எழுதிப் பார்த்தால் தெரியும்.

மிச்சம் ஒன்று, எல்லாவற்றிலும் கடினமானது. 'டு ரிவர்' என்பதில் விட்டுப்போன 'தி'. தமிழில் இதற்குத் தனிச்சொல் இல்லை, அதனால் நமக்கு இது வரவே வராது என்று பலரும் கைவிட்டுவிடுகிறார்கள். சொல் இல்லை, உணர்வு இருக்கிறது. 'தண்ணீர் கொண்டு வா' என்றால் ஏதோ தண்ணீர், பானையிலிருந்து மொண்டு வரலாம். 'தண்ணீரைக் கொண்டு வா' என்றால் நமக்குள் ஏற்கெனவே தெரிந்த தண்ணீர், அடுப்பில் சுட வைத்தது. அந்த 'ஐ' இரண்டாம் வேற்றுமை உருபு மட்டுமல்ல, 'உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்' என்ற கண்ஜாடையும்கூட. 'தி' செய்வதும் அதைத்தான். எல்லா இடத்திலும் இரண்டும் ஒத்துப்போகாது. ஆனால் 'எதுவென்று படிப்பவருக்குத் தெரியுமா?' என்ற கேள்வியைக் கேட்கத் தூண்டுவதற்கு இது போதும்.

எட்டு வாக்கியங்களையும் ஒரே நாளில் திருத்தவில்லை. முதல் நாள் கரைசலை மட்டும் பார்த்தோம். 'இஸ்', 'ஆர்' விட்டுப்போன இடங்களை மட்டும் தேடிக்கொண்டு கட்டுரையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தாள். மறுநாள் உப்பு, அதற்கடுத்த நாள் தாளிப்பு. ஒரு முறைக்கு ஒரு சுவைதான் நாக்குக்குத் தெரியும். கடைசியாக 'தி'.

அவள் திருத்தி எழுதிய பத்தியில் 'டு தி ரிவர்' என்று வந்திருந்தது. எந்த ஆறு என்று கேட்டேன். 'மாமா ஊர் ஆறுதான், ஒரே ஆறுதானே இருக்கு' என்றாள். முதல் வாக்கியத்திலும் ஒரு 'தி' சேர்ந்திருந்தது: 'தேர் ஆர் தி டென் மேங்கோ ட்ரீஸ்.' இப்போதுதானே மரங்களைப் பற்றி முதல்முறையாகச் சொல்கிறாய், எந்தப் பத்து என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். ரப்பரை எடுத்து அந்தத் 'தி'யை மட்டும் அழித்தாள்.